சாம்பல் அரியணையின் தாய்மாமன்

எங்கள் எருக்கம்பட்டியில் இரண்டு தேர்தல்கள் உண்டு. ஒன்று அரசாங்கம் நடத்துவது, அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, காமாட்சி மஹாலின் சாப்பாட்டுக் கூடத்தில், எருக்கம்பட்டி வீடியோ கேம் ரசிகர் நற்பணி மன்றம் நடத்துவது. அந்த வருஷம் வந்த கேம்களில் சிறந்தவை எவை என்று எண்பத்தெட்டு உறுப்பினர்கள் துண்டுச் சீட்டில் எழுதி எவர்சில்வர் தூக்குவாளியில் போட, எண்பத்தொன்பதாவது ஆளான தலைவர் அதை எண்ணிச் சொல்ல, அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசமாட்டார்கள். நற்பணி என்று பெயரில் இருக்கிறதே, என்ன நற்பணி செய்தீர்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. ஒருமுறை ரத்ததான முகாம் நடத்தினோம், அதிலும் ஆட்ட மும்முரத்தில் பாதிப் பேர் வரவில்லை.

இந்த ஊருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், நாங்கள் விசைத்தறிக்காரர்கள். ஓடுகிற தறியில் அறுந்த நூலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்து முடிச்சுப் போட்டு விடுகிற விரல்கள் எங்களுடையவை, அப்பேர்ப்பட்ட விரல்களிடம் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தால் அவை சும்மா இருக்குமா? ஆண், பெண், மாமியார், மருமகள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கோயில் பூசாரி என்று எல்லோரும் ஆடுகிறோம். பூசாரி மட்டும் குளித்துவிட்டு ஆடுவார்.

போன வருஷம் வந்த கேம்கள் எல்லாமே ஒன்றை ஒன்று மிஞ்சின. பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று வந்தது. டவுன் பஸ் டிரைவர் காசிராஜன் பகல் முழுக்க நிஜ பஸ்ஸை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த பஸ்ஸை ஓட்டினான், அதில் மட்டும் ஸ்டாப்பில் ஒழுங்காக நிறுத்தினான். முள்ளங்கி பயிரிடுகிற கேம் ஒன்று வந்தது. சொந்தக் காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகாதவர்கள் எல்லாம் அந்த முள்ளங்கிக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன், மறைப்பானேன். பிறகு ‘இரும்புக் கோட்டை’ வந்தது. அதில் ஏழு வாசல், ஏழாவது வாசலுக்கு அப்பால் ஒரு சாம்பல் அரியணை, அதன்மேல் வோர்கான் என்கிற கடைசி வில்லன். பத்தடி உயரம், கடா மாட்டுக் கொம்பு, கட்டில் அகலத்துக்கு ஒரு கோடரி. மூச்சுக்காற்றிலேயே ஆளைத் தள்ளிவிடுவான். எண்பத்தொன்பது பேரில் அவனை ஜெயித்தது ஒரே ஒரு ஆள். தறியில் நூல் முடிகிற செண்பகவல்லி, வயது முப்பத்து நாலு, கைக்குழந்தைக்காரி. எட்டு மாதம், நானூற்றுப் பன்னிரண்டு முறை செத்து, நானூற்றுப் பதிமூன்றாவது முறை அவனைச் சாய்த்தாள். அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தாள்.

ஓட்டெடுப்பில் முள்ளங்கிக்கு நாற்பத்து நாலு, இரும்புக் கோட்டைக்கு நாற்பத்து நாலு. சமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் யார் என்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிற தவசிலிங்கம், செண்பகவல்லியின் கூடப் பிறந்த அண்ணன். சிறு வயதில் ஒரே கன்ட்ரோலரை ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்து ஆடிய அண்ணன் தங்கை. ஆகவே இரும்புக் கோட்டைதான் என்று நாங்கள் வடையை எடுக்கக் கையை நீட்டிவிட்டோம்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? முள்ளங்கிதான்,” என்றார் தவசிலிங்கம். “இரும்புக் கோட்டைல ஒண்ணும் இல்லப்பா. அந்தக் கடைசி வில்லன் இருக்கானே, சப்பை. நான் மொத ஆட்டத்துலயே சாய்ச்சுட்டேன்.”

மூன்றாவது வரிசையில் செண்பகவல்லி எழுந்து நின்றாள். “அண்ணே, நீ எப்ப ஆடுன?”

“எப்பவோ ஆடுனேன். அதெல்லாம் ஒரு ஆட்டமா?”

அவள் இலையில் வடையை அப்படியே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள், அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. பொங்கலுக்கு அவர் கொண்டுவந்த கரும்பு வாசலிலேயே காய்ந்தது. சித்திரைத் திருவிழாவில் இரண்டு பேரும் ஒரே பந்தலில் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்தார்கள். ஆவணியில் குழந்தை தன்விகாவுக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் விஷயம் கழுத்துக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு நேரில் போய் வைக்க வேண்டும். மாமன் தாம்பூலத்தை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, அப்புறம் இடியே விழுந்தாலும் வந்தாக வேண்டும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்திய காது தூர்ந்துபோகும் என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம், இதுவரை யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை.

“போய் வச்சுட்டு வந்துருவோம் செம்பகம். அண்ணன்தான,” என்றான் அவள் புருஷன் பால்வண்ணன். அவன் சண்டை பிடிக்காத ஆள், கேமிலும் மீன் பிடிக்கிற கேம்தான் ஆடுவான்.

“நான் எட்டு மாசம் செத்துச் செத்துப் பொழச்சத ஒரே வார்த்தைல சப்பைன்னு சொன்ன ஆளு. அவரு வாசல்ல போயி நான் தட்டு ஏந்தி நிக்கணுமா?”

சொன்னாளே தவிர, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள், திரும்பினாள். மூன்றாவது முறை அவள் கண்ணில் டி.வி. பட்டது. அதில் இரும்புக் கோட்டை பாதியில் நின்றிருந்தது, அரியணைமேல் வோர்கான் கோடரியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆத்திரத்தில் தாம்பாளத்தை அவன் முன்னால் ‘டங்’கென்று வைத்தாள்.

“இந்தா, நீதான் எம்பொண்ணுக்குத் தாய்மாமன். உம்மூஞ்சியப் பார்த்த அளவுக்கு எங்கண்ணன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. முன்கூட்டியே வந்து நின்னு நடத்திக் குடு.”

சொல்லிவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தாம்பாளத்தில் பழம் மட்டும் இருந்தது. டி.வி.யில் வோர்கானின் இடது கன்னம் உப்பியிருந்தது, மெதுவாக, ரசித்து மென்றுகொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வோர்கான் டி.வி.யிலிருந்து இறங்கினான். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கோடரி வந்தது. நாற்பத்து மூன்று இஞ்ச் டி.வி. என்பதால் கொம்பு மாட்டிக்கொண்டது, பால்வண்ணன்தான் டி.வி.யைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து விடுவித்தான். வெளியே வந்தவன் கையில் பத்திரிகையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தான். தலைக்குமேல் ‘வோர்கான், சாம்பல் அரியணையின் கடைசிக் காவலன்’ என்ற எழுத்தும், அதன்கீழ் அவனுடைய உயிரைக் காட்டுகிற நீளமான சிவப்புக் கோடும் தொங்கின. அந்தக் கோடு கூரையைத் தாண்டிப் போனதால் மாடி வீட்டு வாத்தியார் தன் அடுப்படியில் அது நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, இரண்டு துண்டைக் காயப் போட்டார்.

“யாரு செம்பகம், ஒறமொறையா?” என்று எட்டிப் பார்த்தாள் எதிர்வீட்டு முத்துப்பேச்சி.

“ஆமாக்கா. அண்ணன் மொறை.”

“விசேசத்துக்குப் பத்து நாள் கெடக்கே, அதுக்குள்ள வந்துட்டாரு. பொறுப்பான ஆளுதான்,” என்று முத்துப்பேச்சி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அதை விரலிடுக்கில் பிடித்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தான். அதைப் பார்த்ததும் தெருவுக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது, அன்று மாலைக்குள் அவன் வோர்கான் அண்ணாச்சி ஆகிவிட்டான்.

வீட்டுக்குள் நிமிர முடியாததால் தறிக் கூடத்தில் தங்கவைத்தோம். டப்பிங் படத்தில் பேசுவது மாதிரித்தான் பேசுவான், வேறு தமிழ் அவனுக்குத் தெரியாது. “அற்ப மானிடர்களே, சாம்பார் போதும்,” என்பான். “இந்தச் சட்னியை அரைத்தது எவள்? அவள் வம்சம் ஆயிரம் ஆண்டு தழைக்கட்டும்,” என்பான். ஒரு வேளைக்கு நாற்பது இட்லி. டீ குடித்தால் அந்தச் சிவப்புக் கோடு ஒரு விரற்கடை நீளும். யாராவது மனம் நோகப் பேசினால் குறையும். போன வருஷத்துச் சிறந்த கேம் முள்ளங்கிதான் என்று யாரோ வாய் தவறிச் சொல்லிவிட, ஒரு சாண் குறைந்தது, மூன்று டீ வாங்கிக் கொடுத்துச் சரிசெய்தோம்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். கோடரியைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தார், ஆனால் அவரும் இரும்புக் கோட்டை ஆடுகிறவர், வோர்கானிடம் அறுபத்து மூன்று முறை செத்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீங்க அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனார். வோர்கான் தெருவிளக்கு மாற்றினான், ஏணி வேண்டியிருக்கவில்லை. தறிக்கு வருகிற பாவு நூல் உருளைகளை லாரியிலிருந்து ஒற்றைக் கையில் இறக்கினான், சுமைப்பணிக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவனைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வீட்டு டி.வி.களில் ஏழாவது வாசலைத் தாண்டிப் போனால் அரியணை காலியாக இருந்தது. பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைப்பதுபோல அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, வோர்கானுக்கு ஞாபகசக்தி இருக்கிறது என்று தெரியும்வரை. அவன் கையால் செத்த ஒவ்வொருவரையும் அவன் நினைவில் வைத்திருந்தான். எத்தனை முறை, எப்படி, எத்தனை மணிக்கு என்று எல்லாமே தெரியும். காசிராஜன் விளையாட்டாகக் கேட்டான், “என்னையத் தெரியுதா அண்ணாச்சி?” வோர்கான் கண்ணை மூடித் திறந்தான். “காசிராஜன். பதினேழு முறை. பதினேழிலும் இடப்பக்கமே ஓடினாய், மூடனே.”

மறுநாளிலிருந்து தறிக் கூடத்து வாசலில் வரிசை. ஜோசியரிடம் போவதுபோல வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் தாங்கள் எங்கே தவறினோம் என்று கேட்டார்கள், பெண்கள் ஆண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டார்கள். “மூணு மணிக்குப் பாவு வாங்கப் போயிருந்தேன்னு சொன்னாரு அண்ணாச்சி.” “மூன்று மணிக்கு அவன் என் காலடியில் செத்துக்கொண்டிருந்தான், தாயே.” இப்படி ஒரே வாரத்தில் ஏழு வீட்டில் சட்டி பறந்தது. பூசாரி குளிக்காமல் ஆடிய மூன்று நாட்களும் வெளியே வந்துவிட்டன.

இதெல்லாம் தவசிலிங்கம் காதுக்குப் போனது. அவர் கடையை மதியத்தோடு சாத்தத் தொடங்கினார், தறிக் கூடம் இருக்கிற தெருவை விட்டுவிட்டுக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனார். “தலைவரே, ஒரு நட வந்து பார்த்துட்டுப் போங்க. நீங்க ஒரே ஆட்டத்துல சாய்ச்ச ஆளுல்ல, உங்களப் பார்த்தா அவரு எந்திரிச்சு நிப்பாரே,” என்று காசிராஜன் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தியே கேட்டான். “எனக்கு வேல கெடக்குப்பா,” என்றார் அவர். உதிரிபாகக் கடைக்காரருக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை என்று ஊருக்குத் தெரியாதா?

செண்பகவல்லி மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை. ஆனால் ஒருநாள் பிற்பகல், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், டீயைக் குவளையில் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“எங்கண்ணன் உங்ககிட்ட வந்திருக்கா?”

“தவசிலிங்கம். முன்னூற்றுப் பதினோரு முறை.”

“ஜெயிச்சுச்சா?”

“இல்லை. பாதிகூட என்னைக் குறைத்ததில்லை. உங்கள் மன்றத்தில் ஓட்டு எண்ணிய நாளுக்கு முன் ஒரு நூறு முறை, பின் இருநூற்றுப் பதினோரு முறை. மதியம் இரண்டு மணிக்குக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வருவான். நான் தாம்பூலம் தரித்துப் புறப்பட்ட நாள் காலையிலும் வந்தான்.”

அவள் முதலில் சிரித்தாள். அடப்பாவி மனுசா, ஒரே ஆட்டமாம்ல என்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அங்கேயே பாவு உருளைமேல் உட்கார்ந்து அழுதாள். எந்த இடத்தில் இடறும், எந்த மூலையில் அடி விழும் என்று அவளுக்கு மட்டுமே தெரிந்த அந்த இடத்துக்கு அவள் அண்ணனும் தினம் தினம் போய்ச் செத்திருக்கிறார், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாளே. வோர்கானுக்கு அழுகிறவர்களைக் கண்டு பழக்கமில்லை, டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“அண்ணாச்சி, இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

“கேட்டால் சொல்வேன். பொய் சொல்லும்படி என்னைச் செய்யவில்லை.”

அன்று அவள் பால்வண்ணனிடம் நேராகவே சொன்னாள்: “எங்கண்ணன் வரணும். அது இல்லாம இந்தக் காதுகுத்து எனக்கு இனிக்காது.” ஆனால் எப்படி அழைப்பது? தாய்மாமன் தட்டு ஒன்றுதான், அதை ஒருவன் எடுத்து மென்று துப்பியும் ஆயிற்று. ஒரே விசேஷத்துக்கு இன்னொரு தட்டுக் கொண்டுபோய் வைத்தால் முதலில் எடுத்தவனுக்கு அவமானம், தட்டு இல்லாமல் வெறும் வாயால் கூப்பிட்டால் கூடப் பிறந்தவனுக்கு அவமானம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் இரண்டு நாள் பேசி, சிக்கல்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆவணி இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள், அய்யனார் கோயிலில் காதுகுத்து. மாமன் சீர் தெரு வழியாக வந்தது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் வோர்கான், அவன் பின்னால் இருபத்தொரு தட்டு. தட்டுகளில் என்ன இருந்தது என்றால், கோட்டையில் என்ன கிடைக்குமோ அதெல்லாம் இருந்தது. காயம் ஆற்றுகிற பச்சைத் தைலம் ஐந்து குப்பி, எந்தப் பூட்டுக்கும் சேராத துருப்பிடித்த சாவி, எலும்புக்கூட்டின் கவசம் ஒரு ஜோடி, மூன்றாம் வாசல் வரைபடம், ஒரு தட்டு நிறையச் சாம்பல். பெண்கள் தட்டுகளை எட்டி எட்டிப் பார்த்து, தைலம் நல்ல கனமான குப்பி என்று ஒப்புக்கொண்டார்கள். காதில் போட இரண்டு பொன் வளையங்களும் கொண்டுவந்திருந்தான், விஷம் அண்டாத வளையங்களாம். சண்முகையா ஆசாரி உரசிப் பார்த்துத் தலையாட்டினார்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தன்விகாவை வோர்கானின் மடியில் உட்காரவைத்தார்கள். அவள் பயப்படவில்லை. எட்டு மாதம் அம்மா மடியில் இருந்தபடியே பார்த்த மூஞ்சிதானே, ஒரு கையால் அவன் கொம்பைப் பிடித்து ஆட்டிக்கொண்டு மறு கையில் வாழைப்பழம் தின்றாள்.

அப்போதுதான் உறவுக்காரர்கள் வந்த வேன்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. தவசிலிங்கம். தட்டு வைக்காத விசேஷத்துக்கு வந்த மனிதர், வந்தேன் என்றும் சொல்ல முடியாமல், வரவில்லை என்றும் சொல்ல முடியாமல், ஒரு வேனின் கண்ணாடியில் தலை சீவுகிற மாதிரி நின்றார். செண்பகவல்லி பார்த்துவிட்டாள். பார்த்தது அவள் மட்டும் இல்லை, உட்கார்ந்திருந்தாலும் எல்லோர் தலைக்கும் மேலாகத் தெரிகிற உயரம் வோர்கானுக்கு.

“வா, தவசிலிங்கா!” என்று கோயில் மணி அதிர முழங்கினான் வோர்கான். கூட்டம் மொத்தமும் திரும்பியது. “முன்னூற்றுப்…”

“அண்ணாச்சி!” செண்பகவல்லி குறுக்கே விழாத குறையாகக் கத்தினாள். “பிள்ள நழுவுது பாருங்க! கெட்டியாப் பிடிங்க! ஆசாரி, நேரமாகுது, ஆரம்பிங்க!”

பிள்ளை எங்கேயும் நழுவவில்லை. அது தவசிலிங்கத்துக்குத் தெரிந்தது. தங்கைக்கு எண்ணிக்கை தெரியும் என்பதும், தெரிந்தே மூடுகிறாள் என்பதும் தெரிந்தது. சீப்பைப் பையில் வைத்துவிட்டு வேன் மறைவிலிருந்து நாலடி வெளியே வந்து நின்றார்.

ஆசாரி இடது காதைத் தடவி, குறி வைத்து, குத்தினார். ஒரு நொடி தன்விகா ஒன்றும் செய்யவில்லை. பிறகு வாயைத் திறந்தாள். இரும்புக் கோட்டையில் வாளும் நெருப்பும் வெடிமருந்தும் உண்டு, ஆனால் ஒரு குழந்தை இல்லை, செய்தவர்கள் வைக்கவில்லை. மடியில் இருந்து மூஞ்சிக்கு நேராக ஒரு குழந்தை வீறிட்டால் என்ன ஆகும் என்று வோர்கானுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தலைக்குமேல் இருந்த சிவப்புக் கோடு சரசரவென்று சுருங்கியது. பாதி, கால், அரைக்கால், கடைசியில் ஒரு நகத்தளவு. கவசத்தின் இடுக்குகளிலிருந்து சாம்பல் கொட்டியது. அப்போதும் அவன் பிள்ளையைப் பிடித்த பிடியை விடவில்லை.

“ஆத்தாடி,” என்றான் காசிராஜன். “இன்னொரு காதக் குத்துனா ஆளு காலி.”

மேளக்காரர்கூடக் குச்சியை நிறுத்திவிட்டார். ஆசாரி இரண்டாவது வளையத்தை எடுத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நாலாபுறமும் பார்த்தார்.

“குத்து, பொற்கொல்லனே,” என்றான் வோர்கான். குரல் பாதியாகியிருந்தது. “தாம்பூலம் எடுத்துவிட்டேன். சொன்ன சொல் மாறுவது என் அரியணைக்கு இழுக்கு.”

தவசிலிங்கம் அந்த நகத்தளவுச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் எங்களுக்கும் அதுதான் ஓடியது. எத்தனையோ மதியம் கடையைச் சாத்திக்கொண்டு எதற்காகச் செத்தாரோ, அது இதோ, கையெட்டும் தூரத்தில். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். வாளெடுக்க வேண்டாம், ஓட வேண்டாம், சும்மா நின்றால் போதும், வோர்கான் அவர் கண்ணெதிரே சாய்ந்துவிடுவான். சாட்சி சொல்ல ஒருத்தன் இருக்கமாட்டான், அந்த எண்ணிக்கையும் அவனோடு போய்விடும்.

“அண்ணே,” என்றாள் செண்பகவல்லி. எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

தவசிலிங்கம் செருப்பைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வோர்கானுக்கு நேர் எதிரே, அவன் முழங்காலில் தன் முழங்கால் முட்டச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “குடு பிள்ளய. இந்தக் காது எனக்கு.”

“தாம்பூலம் எடுத்தவன் நான், மானிடனே.”

“எடுத்தா என்னய்யா? காது ரெண்டு, மாமன் ரெண்டு. இதுல என்ன கெட்டுப்போச்சு?”

ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு காதுக்கும் ஒரே மாமன்தான் என்று யாரும் எங்கேயும் சொன்னதாக அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. சரிதான் என்றார்கள், இரண்டு நாள் யோசித்தபோது இது ஏன் தோன்றவில்லை என்று யாராவது கேட்பதற்குள் சூடம் ஏற்றச் சொன்னார்கள். வோர்கான் குழந்தையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, எதிர் மடிக்கு மாற்றினான். “மேளத்த அடிங்கய்யா, பிள்ள அழுகுறது அவரு காதுல விழக் கூடாது!” என்று காசிராஜன் கத்தினான், கத்திவிட்டு ஓடிப்போய்க் கோயில் வாசலில் நிறுத்தியிருந்த தன் பஸ்ஸில் ஏறி ஏர் ஹாரனைப் பிடித்து அமுக்கினான். ஏட்டையா தன் இரண்டு கையாலும் வோர்கானின் காதுகளைப் பொத்திக்கொண்டார். பூசாரி மணியை அடித்தார், தவில் முழங்கியது, அந்தச் சத்தத்தில் ஆசாரி வலது காதைக் குத்தினார்.

தன்விகா என்ன அழுகை அழுதாள் என்று கேட்டவர் யாருமில்லை, பார்த்தவர்கள்தான் உண்டு. மாமன் மீசையை இழுத்தாள், மூக்கில் குத்தினாள், தோளைக் கடித்தாள். தவசிலிங்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. “அடி தாயி, நல்லா அடி,” என்று உதடு மட்டும் அசைந்தது. நகத்தளவுச் சிவப்பு அப்படியே நின்றது. ஹாரன் ஓய்ந்ததும் முத்துப்பேச்சி அண்டாவோடு டீ கொண்டுவந்து வோர்கான் முன்னால் வைத்தாள்.

“செம்பகம்,” என்றார் தவசிலிங்கம், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படியாக. “முன்னூத்திப் பதினொரு தடவ. ஒரு தடவகூட ஜெயிக்கல. அன்னைக்கு மன்றத்துல நான் சொன்னது பூராப் பொய்யி.”

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். காசிராஜன் சிரித்தான், ஏட்டையா சிரித்தார், நானும் சிரித்தேன். தவசிலிங்கமும் கொஞ்சம் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பந்தியில் இரண்டு மாமன்மாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், ஒருவருக்கு ஒரு இலை, இன்னொருவருக்கு ஒன்பது இலை. செண்பகவல்லி சோற்று வாளியோடு வந்து அண்ணன் இலைமுன் குனிந்தாள். அவர் இலையைப் பார்த்தபடியே கேட்டார், “நீ எப்படித்தான்டி ஜெயிச்ச?”

“கிட்டக்கப் போயி நிக்கணும்ணே. அடிக்குப் பயந்து தள்ளித் தள்ளி ஓடுனா அடிதான் விழும். காலோட கால் ஒட்டி நின்னுக்கிட்டோம்னா அவருக்குக் கோடரிய ஓங்க எடமே கெடையாது,” என்று சொல்லி அவள் சோற்றை வைத்தாள். “ஒருநா வீட்டுக்கு வா, சொல்லித் தாரேன். இப்பச் சாப்பிடு.”